என் ஐம்பதும் அவளுடைய பூஜ்யமும்

வாரத்தில் ஆறு நாள் சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். அங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அந்த இரண்டரை மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கியாஸ் புக் பண்ணியாச்சா, மாமியாரின் மாத்திரை எங்கே, நாளைக்கு என்ன டிபன், ஒன்றும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் நான் எனக்குத்தான். பாட்டுக்கூடப் போடுவதில்லை. சந்திரகிரி தாண்டியதும் மலைகள் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்பதுபோல் இருக்கும். அதற்கப்புறம் கையும் காலும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும். நான் வேறெங்கேயோ இருப்பேன்.

எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சில நாள் பதினாறு வயதில் இருப்பேன். சில நாள் எந்த வயதும் இல்லாமல் இருப்பேன். தை கடைசியில் பூதலப்பட்டு பக்கம் மாந்தோப்புகள் மொத்தமாகப் பூத்து நிற்கும்போது, ஏற்றிய கண்ணாடியையும் மீறி அந்த வாசனை உள்ளே வந்துவிடும். இனிப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் லேசாகத் தலை சுற்றுகிற வாசனை. வகுப்பில் பூங்கொத்தின் அமைப்பைப் பலகையில் வரைந்து அம்புக்குறி போடுகிற ஆள்தான் நான். அந்த வாசனையில் எனக்கு ஒரு பாடமும் ஞாபகம் வந்ததில்லை.

வண்டி என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. அவர் எலக்ட்ரிசிட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். கார் ஓட்டுவதில் அவருக்கு ஆசை கிடையாது, காரின் இன்சூரன்ஸ் மேல்தான் ஆசை. ஒரு வருஷம் எந்த க்ளெய்மும் கேட்காமல் இருந்தால், அடுத்த வருஷ பிரீமியத்தில் நம் வண்டிச் சேதத்துக்கான பங்கில் இருபது சதவீதம் குறைப்பார்கள். அதற்கடுத்த வருஷமும் கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம். ஐந்து வருஷத்தில் ஏறி ஏறி ஐம்பதில் போய் நிற்கும். நோ க்ளெய்ம் போனஸ் என்று பேர். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் பரமபதத்தில் பெரிய பாம்பு கடித்த மாதிரி சர்ரென்று கீழே, பூஜ்யம். எங்கள் வண்டி ஐம்பதைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. உறவுக்காரர்கள் வந்தால் மகனுடைய மார்க்கைச் சொல்லுகிறாரோ இல்லையோ, இதைச் சொல்லிவிடுவார்.

என்னிடமும் சொல்லியிருந்தார். "நீ ஓட்டு, நான் வேணாங்கல. அந்த ஐம்பது மட்டும் போவக்கூடாது."

அது ஒரு சனிக்கிழமை. மதியத்தோடு கல்லூரி முடிந்துவிட்டது. நாலு மணி வெயிலில் சித்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாம்பூ வாசனை தொடங்கிவிட்டது. காணிப்பாக்கத்திலிருந்து வருகிற சாலை எங்கள் பெரிய சாலையில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முன்னால் ஒரு வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு சாமந்தி மாலை ஆடிக்கொண்டே போனது. மாலை ஆடுவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மாலை நின்றது. அது ஏன் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது. கால் பிரேக்குக்குப் போனது கடைசி நேரத்தில்தான், வேகம் பாதிக்கு மேல் குறைந்தும் இடித்துவிட்டேன்.

சத்தம் பெரிசு, சேதம் சின்னது. என் வண்டியின் பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவர்களுடைய பின்கதவு உள்ளே போய், ஒரு விளக்கு உடைந்து, சாமந்திப்பூ ரோடெல்லாம் கிடந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு மந்தை ஆடு அவசரமில்லாமல் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். முறையாக, மெதுவாக, இண்டிகேட்டர்கூடப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

இறங்கினேன். செம்மத்தியாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அந்தக் காரிலிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் புதுக் குங்குமம். அவர் மனைவி இறங்கினார். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கடைசியாக இறங்கினாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் அங்கியே சொன்னனா இல்லியா? நாலு பழம் வெச்சாங்க. மூணுதான் நசுங்கிச்சு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புது வண்டி வாங்கினால் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி இறக்கித்தான் ரோட்டுக்குக் கொண்டு வருவோம். நசுங்கினால் கண்திருஷ்டி கழிந்தது. அன்றைக்கு அந்தப் பெண்தான் ஓட்டியிருக்கிறாள். முன்பக்க இடது சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. ஸ்டீரிங்கை லேசாகத் திருப்பிவிட்டாள்போல. அதை அவள் அப்பா பார்த்துவிட்டார்.

"மன்னிச்சிக்கோங்க மேடம்," என்றார் அவர் என்னிடம். என்னிடம். "எங்க தோஷம் உங்க மேல வந்துகிச்சு. இந்தப் பொண்ணு சடனா பிரேக் போட்டுட்டா."

அவர் மனைவி என் கையைப் பிடித்து, "உனுக்கு அடி ஒண்ணும் படலியே கண்ணு? இத்தோட கழிஞ்சிச்சின்னு நெனச்சிக்கலாம்," என்றார். வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

இல்லைங்க, நான்தான் கனவு கண்டுகொண்டு வந்து இடித்தேன் என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு நிறைய நேரம் இருந்தது. ஆடுகள் எல்லாம் தாண்டி முடிகிற வரைக்கும் இருந்தது. சொல்லவில்லை. பயம். ஐம்பதை நினைத்துப் பயம், வீட்டுக்காரர் மேல் பயம், அதைவிடச் சாவி போய்விடுமோ என்ற பயம். என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில், கல்லூரியில் நிறுத்தியிருந்தபோது யாரோ ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் நம்பினார். க்ளெய்ம் கேட்டால் போனஸ் போய்விடும் என்று, அவரே ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து க்ளிப் வாங்கிப்போட்டுப் பம்பரை நிமிர்த்தினார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அந்தப் பெண் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. நிறுத்தாமல் போயிருக்கலாம். கால் தானாகவே பிரேக்கில் போய் உட்கார்ந்தது. இந்தத் தடவை மட்டும் என்ன சுறுசுறுப்போ. அவளும் என்னை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே வந்து ஏறினாள்.

குடிபாலாவிலிருந்து ஒரு பஸ், சித்தூரில் இறங்கித் திருப்பதிக்கு இன்னொரு பஸ். திருப்பதியில் ஒரு லேபில் டெக்னீஷியன் வேலை. காலையில் எட்டரை மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பிக்க வேண்டுமாம். பஸ் நேரம் ஒத்துவராமல் இரண்டு தடவை பேச்சு வாங்கிவிட்டாள். அதற்காகத்தான் கார்.

"எங்க தெருவுல மொத வண்டி அக்கா அது," என்றாள். "எங்க நைனா கூலிக்குப் போய்க்கினு இருந்தாரு. அப்பறமா ஒரு ஏக்கரு வாங்கினாரு. நான் வேலைக்கு வந்ததும் வண்டி வாங்கினோம். என் சம்பளத்துலதான்."

"இப்ப ஏம்மா பஸ்ல வர?"

"இன்சூரன்ஸ்ல ரிப்பேர் பண்ணிக்கினோம். சாவிய நைனா வாங்கிக்கினாரு. அண்ணந்தான் ஓட்டறான். நான் தொட்டா ஆவாதாம்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உங்களுக்குத்தான் அக்கா என்னால கஷ்டம். நான் அன்னிக்கு அப்படி பிரேக் போட்டிருக்கக் கூடாது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லம்மா," என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். தப்புப் பண்ணினவள் நான். நான் அவளை மன்னித்தேன். பெரிய மனசு எனக்கு. மீதி வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். முன்னால் லாரி வந்தபோதெல்லாம் அவளுடைய வலது கால் மிதியடியை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. அவளுக்கே தெரியாமல் அந்தக் கால் ஓட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் எனக்குக் கனவு வரவில்லை. மலைகள் தரையிலேயே இருந்தன.

பங்குனியில் வீட்டுக்காரரின் போனுக்குச் சலான் வந்தது. அதிவேகம். ரோட்டு ஓரத்துக் கேமரா எடுத்த போட்டோவோடு வந்தது. அறுபதில் போக வேண்டிய இடத்தில் எண்பத்தேழு. எங்கள் வண்டி, எங்கள் நம்பர், பூதலப்பட்டு. கீழே தேதி, மணி எல்லாம் சுத்தமாக இருந்தது. கண்ணாடிக்குள்ளே என் முகம்கூட மங்கலாகத் தெரிந்தது. அபராதம் கட்டப் போகிறவள் முகம் மாதிரியே இல்லை. தூக்கத்தில் சிரிக்கிற குழந்தை மாதிரி இருந்தேன்.

அவர் போட்டோவைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். கணக்குத் தப்பாத ஆள். "அந்தச் சனிக்கிழம காலேஜ்லியே பம்பர இடிச்சிட்டாங்கன்னு சொன்ன? இதுல பம்பர் நல்லாதான இருக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாம்பூவைக்கூடச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடி கிடி படலியே அன்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரை எனக்கு அவ்வளவு பிடித்த நேரம் வேறு இல்லை. அது ஐந்து நிமிஷம்தான் நீடித்தது.

"அவங்களே கேக்கல. நீயா போய் சொன்னா எழுதிக் குடுன்னுவாங்க. கேஸுன்னு ஆனா கோர்ட்டுக்கு யாரு அலையறது? சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்காத," என்றார். சலானை அன்றைக்கே கட்டினார். அடுத்த வாரம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஏஜென்ட் வீட்டுக்கு வந்தபோது, இந்தச் சலானால் பிரீமியம் ஏறுமா என்று பயந்துகொண்டே கேட்டார்.

"சலான் நெறைய இருந்தா பிரீமியம் ஏத்தணும்னு பேசிக்கினு இருக்காங்க சார். வரும். உங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்ல," என்றார் ஏஜென்ட்.

நான் ஒன்று கேட்டேன். "தப்பே பண்ணாம நின்ன வண்டிய பின்னால வந்து ஒருத்தர் இடிச்சிட்டாரு. நின்னவரு தன்னோட இன்சூரன்ஸ்ல ரிப்பேர் பண்ணிக்கினாரு. அவரு போனஸ் போவுமா?"

"போவும் மேடம். யாரு தப்புன்னு போனஸ் பாக்காது. கேட்டாங்களா, போச்சு. கேக்கலியா, இருக்கு. அவ்வளவுதான்."

மேசையில் எங்கள் புதுப் பாலிசி இருந்தது. நோ க்ளெய்ம் போனஸ் ஐம்பது சதவீதம். வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழில் போய் இடித்தவளுக்கு ஐம்பது. ஆட்டுக்கு வழிவிட்டு நின்றவளுக்குப் பூஜ்யம், சாவியும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஏஜென்ட் பாவம், மிக்சர் தின்றுகொண்டிருந்தார். அவரை முறைத்து என்ன ஆகப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலானை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு குடிபாலாவுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். தடுக்கவில்லை. "எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துறாத," என்றார்.

அவர்கள் வீடு புதிதாகச் சிமெண்டு பூசிய வீடு, இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. வாசலில் கார் நிற்கத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. அண்ணன் நண்பர்களை ஏற்றிக்கொண்டு வேலூர் போயிருக்கிறானாம். அந்தப் பெண்ணின் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா மோர் கொண்டுவந்தார். அவள் கதவோரம் நின்றாள். மோரைக் குடித்தால் மறுபடி சொல்ல முடியாமல் போய்விடும் என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சலானை அவர் கையில் கொடுத்தேன்.

"அன்னிக்கு தப்பு உங்க பொண்ணு மேல இல்லீங்க. என் மேல. நான் ரோட்டப் பாக்காம வந்தேன். அவ ஒழுங்காதான் நிறுத்தினா. இதுல என் வேகம் போட்டிருக்கு, நேரம் போட்டிருக்கு, பாருங்க."

அவர் காகிதத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். போட்டோவில் என்னைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஷோரூம்ல க்ளெய்ம் பாரம் எழுதறப்ப, தப்பு யாருதுன்னு தெலுங்குல கேட்டாங்க மேடம்," என்றார் கடைசியில். "நான் இவளக் காமிச்சேன். அப்படியே எழுதிக்கினாங்க. அடுத்த வருஷம் போனசு வராதுன்னும் சொன்னாங்க. கவர்மெண்டு பேப்பர்லியே இவ தப்புன்னு ஆயிடிச்சேன்னு நெனச்சேன்."

"அது தண்டன இல்லீங்க. க்ளெய்ம் கேட்ட எல்லாருக்கும் வராது. நின்ன வண்டியா இருந்தாலும் வராது."

"பழம் நசுங்கலியே மேடம்." குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"பழம் நசுங்கலன்னா நான் எண்பத்தேழுல வரணுமா? கழுத தேஞ்சி கட்டெறும்பான கதயா இருக்குதே நீங்க சொல்றது." கோபத்தில் பொருத்தமில்லாத பழமொழியைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடந்ததை நாலு வரியில் தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். எழுத்தில் கொடுக்காதே என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் அனுப்பினார். கொடுத்தேன்.

கதவோரம் நின்ற பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அக்கா, உங்க சாவிய யாரு வாங்கி வெச்சிக்கினாங்க?"

யாரும் வாங்கவில்லை. அதே சாவி என் மடியில் கிடந்தது. அதைப் போட்டுத்தான் அங்கே வந்திருந்தேன். "யாரும் இல்லம்மா," என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் அப்பா இரண்டு காகிதங்களையும் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பையன் வரட்டும். பேசலாம்," என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் 'பேசலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் என்னை வழியனுப்பத் தெருவுக்கு வந்தாள். என் காரின் முன்னால் நின்று, நிமிர்த்திய பம்பரைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் போன நாட்களுக்கும், அந்தப் "பரவாயில்லம்மா"வுக்கும் சேர்த்து. ஓட்டுகிற இருக்கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவியை நீட்டினேன். நீட்டுவதற்கு முன் ஒரு நொடி அந்த ஐம்பது ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. அவள் ஆறு வாரமாக ஓட்டவில்லை, எங்கேயாவது இடித்தால் என்ன செய்வது என்று தோன்றியது. அந்த நொடியை அவளும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிட்டும் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"மெயின் ரோடு வரிக்கும் ஓட்டறேன் அக்கா. அங்கேந்து நடந்து வந்துடறேன்."

நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். என் வண்டியில் அந்தப் பக்கத்திலிருந்து நான் எதையும் பார்த்ததில்லை. அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், பெல்ட் போட்டாள், என்னையும் போடச் சொன்னாள். தெருக்காரர்கள் பார்க்கப் பார்க்க வண்டி நகர்ந்தது. முதல் கியரில் ஒரு தடவை குலுங்கியது. பிறகு குலுங்கவில்லை. ஒரு கோழிக்கு நின்றாள். ஒரு சைக்கிளுக்கு வழி விட்டாள். நான்தான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோடு வந்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, சித்தூர்ப் பக்கம் திரும்பினாள். தோப்புகளில் சின்னச் சின்னப் பச்சைக் காய்கள் தொங்கின. தூரத்து மலை வெயிலில் கரைந்து, மறுபடி கூடி, எங்களோடு மெதுவாக நகர்ந்து வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குக் கண் சொருகியது. ஓட்டுகிறவள் விழித்திருந்தாள், நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அவளுடைய போன் அடித்தது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் கிடந்தது. "எடுங்க அக்கா," என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் பிடித்தேன். அவள் அப்பாவின் குரல். எங்கே இருக்கிறாய், மெயின் ரோட்டில் ஆளைக் காணோம், அந்த மேடம் எங்கே, வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டார்.

"வண்டி ஓட்டிக்கினு இருக்கேன் நைனா," என்றாள் அவள். "போன வெச்சிடு."